ஒரு சட்டத்தின் திறந்த கதவும் ஒரு பெண்கள் கூட்டணியும்: ஒன்ராறியோ, 2003–2006

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடும்ப வழக்குகளை மத அடிப்படையில் தீர்த்துவைக்கும் நடுவர் தீர்ப்புகளுக்குச் சட்ட வலு இருக்கலாமா என்ற கேள்வி 2003 இறுதியில் எழுந்தது. இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழித்து, 2006 பெப்ரவரியில், இருக்கக்கூடாது என்று சட்டமே சொன்னது. இடையில் நடந்ததில் பெரும்பகுதி பெண்கள் அமைப்புகளின் வேலை. அதில் முன்னால் நின்றவர்கள் முஸ்லிம் பெண்கள். அவர்கள் என்ன பார்த்தார்கள், எந்த இடத்தில் எந்த முடிவை எடுத்தார்கள், எதைத் தவறவிட்டார்கள் என்பதை வரிசையாகப் பதிவு செய்வதே நோக்கம். அமைச்சர்கள், ஆய்வுப் பொறுப்பாளர், தீர்மானம் கொண்டுவந்த உறுப்பினர் போன்ற பொதுப் பதவியில் இருந்தவர்களைத் தவிர வேறு யாருடைய பெயரும் இங்கே இல்லை.

இரண்டு சொற்களை முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. சமரசப் பேச்சு என்றால், நடுவில் ஒருவர் உட்கார்ந்து இரு தரப்பையும் பேசவைப்பது. ஒப்புக்கொள்வதும் எழுந்து போவதும் தரப்பினரின் விருப்பம். நடுவர் தீர்ப்பு அப்படியல்ல. ஒருவரைத் தீர்ப்புச் சொல்பவராக ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டால், அவர் சொல்வது கட்டுப்படுத்தும். நீதிமன்றம் போய் அதை அமல்படுத்தச் சொல்லலாம். இந்த விவகாரம் முழுவதும் இரண்டாவதைப் பற்றியது. முதலாவது பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசவில்லை. அதன் விளைவைக் கடைசியில் பார்க்கலாம்.

சட்டத்தில் இருந்த கதவு

ஒன்ராறியோவின் நடுவர் தீர்ப்புச் சட்டம் 1991இல் இயற்றப்பட்டது. வணிகத் தகராறுகளை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. இரண்டு நிறுவனங்கள் சண்டையிட்டால், நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்காமல், தாங்களே ஒரு நடுவரைத் தேர்ந்து, எந்தச் சட்ட விதிகளின்படி தீர்க்க வேண்டும் என்பதையும் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம். 32ஆம் பிரிவு இந்தத் தேர்வைத் தந்தது. மேல்முறையீட்டு உரிமையைக்கூட ஒப்பந்தத்திலேயே கைவிடலாம். நியாயமற்ற முறையில் நடந்தது என்று காட்டித் தீர்ப்பை ரத்துச் செய்யக் கேட்கும் உரிமையை மட்டும் கைவிட முடியாது. அதற்கும் 30 நாள்தான் கெடு.

சரி, இதில் குடும்பம் எங்கே வந்தது? சட்டம் குடும்பத்தை விலக்கவில்லை, அவ்வளவுதான். விவாகரத்தை நீதிமன்றம் மட்டுமே தர முடியும், அது மத்திய அரசின் சட்டம். ஆனால் சொத்துப் பங்கீடு, ஜீவனாம்சம் போன்றவற்றை நடுவரிடம் கொண்டுபோகத் தடை எதுவும் எழுதப்படவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நீதிமன்றம் எப்போது வேண்டுமானாலும் தலையிடலாம்.

ஏற்கெனவே சிலர் இந்தக் கதவின் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். யூதர்களின் ரபிகள் (மத குருமார்) மன்றங்கள் வெகுகாலமாக இயங்கிவந்தன. இஸ்மாயிலி முஸ்லிம்களுக்குத் தங்கள் சமரச, நடுவர் குழுக்கள் இருந்தன. அமைதியாக நடந்ததால் யாரும் கவனிக்கவில்லை. இலங்கை வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: இது காதி நீதிமன்றம் போன்றது அல்ல. காதி நீதிமன்றம் அரசே சட்டம் போட்டு, அரசே நியமித்து நடத்துவது. ஒன்ராறியோவில் நடந்தது தனியார் ஏற்பாடு. தீர்ப்பு வந்த பிறகுதான் அரசின் கை அதில் பட்டது.

2003: ஓர் அறிவிப்பு

2003இல், ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவரும் அவருடன் இருந்தவர்களும் இஸ்லாமியக் குடிமை நீதி நிறுவனம் என்ற ஒன்றைத் தொடங்குவதாக அறிவித்தார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் முஸ்லிம் குடும்பங்களின் தகராறுகளை இஸ்லாமிய மதச் சட்டமான ஷரீஆவின்படி தீர்க்கப்போவதாகவும், அந்தத் தீர்ப்புகளைக் கனடிய நீதிமன்றங்கள் அமல்படுத்தும் என்றும் சொன்னார்கள். இந்த வசதி கிடைத்த பிறகும் ஒருவர் மதச்சார்பற்ற நீதிமன்றத்துக்குப் போனால் அவர் எப்படி நல்ல முஸ்லிமாக இருக்க முடியும் என்ற தொனியும் அதோடு வந்தது.

இந்தத் தொனிதான் வினையானது. அறிவித்தவர்கள் புதிதாக எந்த அதிகாரத்தையும் கேட்கவில்லை. இருந்த சட்டத்தைப் பயன்படுத்தப் போகிறோம் என்றார்கள். ‘விரும்பினால் வரலாம்’ என்று நிறுத்தியிருந்தால் இவ்வளவு பெரிய எதிர்ப்பு வந்திருக்குமா என்பது சந்தேகமே. நம்பிக்கையுள்ள ஒரு பெண்ணிடம் ‘நீ வராவிட்டால் உன் ஈமானில் குறை’ என்று சொல்லிவிட்டால் அப்புறம் அங்கே விருப்பத்துக்கு என்ன இடம்?

காலமும் கவனிக்க வேண்டியது. நியூயார்க் தாக்குதல் நடந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. 2001 கணக்கெடுப்பின்படி ஒன்ராறியோவில் சுமார் 3.5 லட்சம் முஸ்லிம்கள் இருந்தார்கள். அவர்கள் மேல் பொதுச் சந்தேகம் படிந்திருந்த நேரம். 2003 ஒக்டோபர் தேர்தலில் வென்று லிபரல் கட்சி அப்போதுதான் ஆட்சிக்கு வந்திருந்தது. ‘கனடாவில் ஷரீஆ நீதிமன்றம்’ என்ற தலைப்புச் செய்தி எப்படிப் பரவியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெண்கள் கவனித்தவை

கனடிய முஸ்லிம் பெண்கள் மன்றம் 1982 முதல் இயங்கிவரும் அமைப்பு. நம்பிக்கையுள்ள முஸ்லிம் பெண்கள் நடத்துவது. அறிவிப்பு வந்ததும் அவர்கள் முதலில் செய்தது சட்டத்தை எடுத்துப் படித்ததுதான். அப்போது கண்ணில் பட்டவை சில.

ஒன்று, எந்த ஷரீஆ என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஹனஃபி, ஷாஃபி, மாலிகி, ஹன்பலி, ஜஃபரி என்று சட்ட மரபுகள் பல. ஒரே கேள்விக்கு இவற்றில் வெவ்வேறு பதில்கள். அதற்கு மேல் மொராக்கோ ஒரு விதமாகவும் பாகிஸ்தான் வேறு விதமாகவும் சட்டமாக்கியிருக்கின்றன. ரொறன்ரோவின் ஒரு மாடிக் கட்டடத்தில் உட்காரும் நடுவர் எதை எடுப்பார்? அவருக்குத் தகுதி என்று சட்டம் எதையும் கேட்கவில்லை. பயிற்சி, உரிமம், பதிவேடு எதுவுமே இல்லை.

இரண்டு, பணம். ஒன்ராறியோவின் குடும்பச் சட்டப்படி, திருமண காலத்தில் இருவரின் சொத்துமதிப்பும் எவ்வளவு வளர்ந்ததோ அது சமமாகப் பிரிய வேண்டும். வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்த மனைவிக்கும் அதில் பாதி. மரபான ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) விளக்கங்கள் பலவற்றில் மனைவிக்கு வருவது மஹரும் (கணவர் தரும் மணக்கொடை) இத்தா காலத்து ஜீவனாம்சமும்தான். இத்தா என்பது மணமுறிவுக்குப் பின் மனைவி காத்திருக்கும் காலம், ஏறக்குறைய மூன்று மாதம். வாரிசுரிமையில் மகளுக்கு மகனின் பங்கில் பாதி. இந்த வித்தியாசத்தைப் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. கல்லெறிதல், கைவெட்டு என்று எழுதினார்கள். குற்றவியல் சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

மூன்று, சம்மதம். கணவர் ஸ்பான்சர் செய்து வந்த பெண், ஆங்கிலம் சரியாக வராதவள், வழக்கறிஞருக்குக் காசில்லாதவள், பள்ளிவாசல் வட்டத்துக்கு வெளியே ஒருவரையும் தெரியாதவள். அவள் முன்னால் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் அதைச் சுதந்திரமான தேர்வு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். திருமணத்தின்போதே, தகராறு எதுவும் இல்லாத காலத்தில், ‘பின்னால் ஏதாவது வந்தால் இன்னாரிடம் போவோம்’ என்று எழுதி வாங்கவும் தடையில்லை. குடும்ப வன்முறை இருந்ததா என்று கேட்கும் கடமை நடுவருக்கு இல்லை.

முதல் முடிவு: யாராக நின்று பேசுவது

ஆரம்பத்திலேயே எதிர்ப்பு இரண்டு ஓடைகளாகப் பிரிந்தது. ஈரானிலிருந்து வந்த, மதச்சார்பின்மையில் உறுதியான பெண்கள் சிலர் ‘கனடாவில் ஷரீஆ நீதிமன்றத்துக்கு எதிரான சர்வதேச இயக்கம்’ என்று தொடங்கினார்கள். மத ஆட்சியில் வாழ்ந்து தப்பி வந்தவர்கள். அவர்களுக்கு ‘ஷரீஆ’ என்ற சொல் ஏட்டுச் சொல் அல்ல, அனுபவம். அதை நேராகவே சொன்னார்கள். ஊர்வலம், கையெழுத்து, வெளிநாட்டு ஆதரவு என்று வேகமாக வளர்ந்தார்கள்.

முஸ்லிம் பெண்கள் மன்றம் வேறு வழியை எடுத்தது. நாங்கள் முஸ்லிம்கள், எங்கள் மதத்தை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் கனடாவின் குடும்பச் சட்டமே எங்களுக்கும் வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. இஸ்லாம் சொல்லும் நீதியும் சமத்துவமும் கனடிய உரிமைச் சாசனத்தோடு முரண்படவில்லை என்றார்கள். இதற்குத் துணிவு வேண்டும். பள்ளிவாசல் பக்கமிருந்து துரோகம் என்ற பேச்சு வரும். வெளியிலிருந்து, முஸ்லிம்களை ஏற்கெனவே வெறுப்பவர்கள் ‘பாருங்கள், அவர்களின் பெண்களே சொல்கிறார்கள்’ என்று முதுகில் தட்டுவார்கள். இரண்டும் நடந்தது. முதலாவதைவிட இரண்டாவதைத் தாங்குவதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரியிடம் வாதாடலாம், வேண்டாத நண்பனை என்ன செய்வது?

இந்த நிலைப்பாட்டால் கிடைத்த பலன் பெரியது. ‘இது மேற்கத்தியப் பெண்ணியவாதிகளின் தலையீடு’ என்ற பதில் எடுபடாமல் போனது. ஆனால் அதற்கு உழைப்பு தேவைப்பட்டது. முழக்கம் எழுதி நிறுத்தவில்லை, ஆய்வு எழுதவைத்தார்கள். மேற்கு நாடுகள் முஸ்லிம் குடும்பச் சட்டத்தை எப்படி எதிர்கொள்கின்றன என்று சட்ட அறிஞர் ஒருவர் மன்றத்துக்காக 2004இல் விரிவான ஆய்வு தந்தார். பெண்களும் சட்டமும் தேசியச் சங்கம் 2005இல் நடுவர் தீர்ப்பும் மதமும் குடும்பச் சட்டமும் பற்றித் தனி ஆய்வை வெளியிட்டது. புலம்பெயர்ந்த, நிறச் சிறுபான்மைப் பெண்களின் தேசிய அமைப்பும் சேர்ந்துகொண்டது. மத நம்பிக்கையுள்ளவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், குடியேறிய பெண்களோடு அன்றாடம் வேலை செய்பவர்கள் என்று மூன்று விதமான அறிவு ஒரே மேசையில் உட்கார்ந்தது.

அரசின் ஆய்வும் எதிர்பாராத அறிக்கையும்

2004 ஜூனில் அரசு இதை ஆராய மேரியன் பாய்டை நியமித்தது. முன்பு புதிய ஜனநாயகக் கட்சி ஆட்சியில் சட்டத்துறை அமைச்சராகவும் பெண்கள் விவகாரப் பொறுப்பிலும் இருந்தவர். அதற்கும் முன்னால் லண்டன் நகரில் அடிபட்ட பெண்களுக்கான உதவி மையம் ஒன்றை நடத்தியவர். (ஒன்ராறியோவிலும் ஒரு லண்டன் உண்டு.) பெண்கள் அமைப்புகள் அவரைத் தங்கள் ஆளாகவே பார்த்தன. தயாரித்து வைத்திருந்த வாதங்களைக் கொண்டுபோய்ச் சமர்ப்பித்தன.

டிசம்பரில் அறிக்கை வந்தது. 46 பரிந்துரைகள். சாரம் இதுதான்: மதக் கோட்பாட்டின்படி குடும்ப நடுவர் தீர்ப்பைத் தொடர அனுமதிக்கலாம், ஆனால் பாதுகாப்புகள் வேண்டும். வன்முறை இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். எந்த மதக் கோட்பாட்டைப் பின்பற்றப்போகிறோம் என்று நடுவர் எழுத்தில் தர வேண்டும். இரு தரப்பும் தனித்தனி வழக்கறிஞரிடம் ஆலோசனை பெற வேண்டும், அல்லது வேண்டாம் என்று எழுதித் தர வேண்டும்.

பெண்கள் அமைப்புகளுக்குப் பெரும் அதிர்ச்சி. ஆனாலும் பாய்டின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தடுத்தால் இது நின்றுவிடாது, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடும், வெளிச்சத்தில் வைத்து ஒழுங்குபடுத்துவதே பெண்களுக்குப் பாதுகாப்பு என்றார். முஸ்லிம் பெண் அறிஞர்கள் சிலரும் இந்தக் கருத்துக்கு அருகில் இருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கும் ஒரு கணம் நியாயம் என்றே பட்டது. ‘வேண்டாம் என்று எழுதித் தர வேண்டும்’ என்ற வரிக்கு வந்ததும்தான் தயக்கம் வந்தது. அழுத்தத்தில் ஒரு தாளில் கையெழுத்திடுபவள் இரண்டாவது தாளிலும் கையெழுத்திடுவாள்.

அறிக்கையில் இன்னொரு முடிவும் இருந்தது: நடுவர் தீர்ப்புகளால் பெண்கள் திட்டமிட்ட முறையில் பாகுபாட்டுக்கு ஆளாகிறார்கள் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. இதற்குப் பெண்களிடம் நேரான பதில் இல்லை. பதில் இருக்கவும் முடியாது. தனியறையில் நடப்பது, பதிவேடு கிடையாது, தீர்ப்பு வெளியாகாது, முறையிடும் உரிமையை முன்பே கைவிட்டாயிற்று. சான்று எங்கிருந்து வரும்? ‘சான்று இல்லாததே பிரச்சினையின் அறிகுறி’ என்ற வாதத்தை இந்த அமைப்புகளின் கூட்டணி பிறகு முன்வைத்தது. வாதம் சரிதான். ஆனால் புகலிடங்களிலும் சட்ட உதவி மையங்களிலும் 2003லிருந்தே பெயர் நீக்கிய அனுபவங்களைச் சேகரித்திருந்தால் இந்த இடத்தில் இவ்வளவு தடுமாறியிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது முடிவு: எல்லா மதங்களும்

அறிக்கைக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. ‘ஷரீஆ வேண்டாம்’ என்று மட்டும் கேட்டால் பொதுமக்கள் ஆதரவு தயாராக இருந்தது. ரபிகள் மன்றங்களைத் தொடாமல் விட்டால் எதிரிகளும் குறைவு. சுலபமான வழி அதுதான்.

கூட்டணி அதை எடுக்கவில்லை. 2005இல் அது தன் பெயரையே ‘மத நடுவர் தீர்ப்பு வேண்டாம் கூட்டணி’ என்று வைத்துக்கொண்டது. ஒரு மதத்துக்கு மட்டும் கதவை மூடினால் அது வெறும் பாகுபாடு. உரிமைச் சாசனத்தின் 15ஆம் பிரிவு மதத்தின் அடிப்படையில் பாகுபாட்டைத் தடுக்கிறது, அப்படி ஒரு சட்டம் நிற்காது. அதைவிட முக்கியமாக, பிரச்சினை குர்ஆனிலோ யூதர்களின் சட்டநூலான தல்மூதிலோ இல்லை. குடும்பத் தகராறை வணிகத் தகராறு போல நடத்தும் ஒரு சட்டத்தில் இருந்தது. சமமற்ற இருவரைச் சமம் என்று பாவித்துத் தனியார் நீதிக்கு அனுப்பினால், நடுவர் எந்த மதமாக இருந்தாலும் பலவீனமானவர் தோற்பார்.

என் பார்வையில் மொத்த விவகாரத்திலும் முக்கியமான முடிவு இதுவே. கேள்வியை மதத்திலிருந்து சட்டத்துக்கு நகர்த்தியது. முஸ்லிம் பெண்களைத் தங்கள் சமூகத்தின் மேல் குற்றம் சுமத்துபவர்கள் என்ற இடத்திலிருந்து, எல்லாப் பெண்களுக்காகவும் கேட்பவர்கள் என்ற இடத்துக்கு நகர்த்தியது. ஆனால் தாமதமாக வந்தது. அதற்குள் ஒன்றரை ஆண்டாக ‘ஷரீஆ விவாதம்’ என்ற பெயர் ஒட்டிவிட்டிருந்தது. இன்றும் அந்தப் பெயரில்தான் இதை நினைவுகூர்கிறார்கள்.

கூட்டணிக்குள் இன்னொரு சிக்கலும் இருந்தது. கட்டுப்படுத்தும் மத நடுவர் தீர்ப்பை மட்டும் எதிர்ப்பதா, குடும்பத்தில் நடுவர் தீர்ப்பு என்பதையே எதிர்ப்பதா? வசதியுள்ளவர்கள் மதச்சார்பற்ற நடுவர்களை வைத்து ஏற்கெனவே குடும்பச் சொத்து வழக்குகளைத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பச் சட்ட வழக்கறிஞர்களில் பலருக்கு அது தொழில். அதை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னால் எதிர்ப்பு வலுக்கும். பெண்களும் சட்டமும் சங்கத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் தனியார் நீதி என்பதே கேள்விக்குரியது. இறுதிச் சட்டம் இரண்டுக்கும் நடுவில் போய் நின்றது.

2005: தெருவும் சட்டமன்றமும்

2005 மே 26 அன்று கியூபெக் தேசியப் பேரவை, கியூபெக்கிலும் கனடாவிலும் இஸ்லாமிய நடுவர் மன்றங்கள் அமைவதை எதிர்த்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. கொண்டுவந்தவர் மொராக்கோவில் பிறந்த முஸ்லிம் உறுப்பினர் ஃபாத்திமா ஹூடா-பெப்பின். கியூபெக்குக்கு இது சிரமமில்லை. அங்கே குடிமைச் சட்டத்தின் 2639ஆம் பிரிவு குடும்ப விவகாரங்களை நடுவரிடம் கொண்டுபோவதையே தடுத்திருந்தது. தீர்மானத்தால் ஒன்ராறியோவில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆனால் பக்கத்து மாகாணம் பேசிவிட்டது என்ற அழுத்தம் கூடியது. தீர்மானம் இஸ்லாமிய மன்றங்களை மட்டும் பெயர் சொல்லியது கூட்டணியின் வாதத்துக்கு ஒத்துவரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 8 அன்று ரொறன்ரோவில் சட்டமன்றத்தின் முன் சில நூறு பேர் கூடினார்கள். ஒட்டாவா, மொன்றியல் போன்ற கனடிய நகரங்களிலும், பாரிஸ், லண்டன், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஐரோப்பிய நகரங்களிலும் அதே நாளில் ஆர்ப்பாட்டம். இதை ஒருங்கிணைத்தது சர்வதேச இயக்கம். கூட்டணி பின்னால் சட்டம் பேசிக்கொண்டிருக்க, இவர்கள் முன்னால் தெருவைப் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் மொழி வேறு, கோபம் வேறு. இவ்வளவு பேர் தெருவில் நின்றிருக்காவிட்டால் பாய்டின் அறிக்கைப்படியே அமைதியாகச் சட்டம் வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, மாகாண முதல்வர் டால்ட்டன் மக்கின்ரி செய்தி நிறுவனம் ஒன்றிடம் சொன்னார்: ஒன்ராறியோவில் ஷரீஆ சட்டம் இருக்காது, எந்த மத நடுவர் தீர்ப்பும் இருக்காது, எல்லோருக்கும் ஒரே சட்டம். தொலைபேசியில் சொன்ன இந்த அறிவிப்பு வந்த நாளையும் விதத்தையும் பலர் விமர்சித்தார்கள். நியாயமான விமர்சனம். ஆண்டு முழுவதும் ஆய்வும் ஆலோசனையும் நடத்திவிட்டு, கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேட்டியில் முடித்துவிட்டார். நியூயார்க் தாக்குதலின் நினைவு நாளில் அது வந்ததை முஸ்லிம்கள் எப்படி வாசித்திருப்பார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தாங்கள் ஒழுங்காக நடத்திவந்ததை இழந்துவிட்டோம் என்று யூத அமைப்புகள் வருந்தின.

சட்டம் என்ன சொன்னது

நவம்பர் 15 அன்று சட்டத்துறை அமைச்சர் மைக்கல் பிரையன்ட் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். 2006 பெப்ரவரியில் நிறைவேறியது. அதன் விதிகள் 2007 ஏப்ரல் 30 முதல் நடைமுறைக்கு வந்தன.

குடும்ப நடுவர் தீர்ப்பு முழுக்க ஒன்ராறியோ சட்டத்தின்படியோ வேறொரு கனடிய மாகாணத்தின் சட்டப்படியோதான் நடக்க வேண்டும். வேறு எந்த விதியின்படி நடந்தாலும் அது நடுவர் தீர்ப்பே அல்ல, சட்ட வலு கிடையாது. தகராறு எழுவதற்கு முன்னால் எழுதிய ஒப்பந்தம் செல்லாது. இருவரும் தனித்தனி வழக்கறிஞரிடம் ஆலோசனை பெற்றே ஆக வேண்டும், ‘வேண்டாம்’ என்று எழுதித் தரும் வழி அடைக்கப்பட்டது. மேல்முறையீட்டு உரிமையை முழுதாகக் கைவிட முடியாது. நடுவர்களுக்குப் பயிற்சி, வன்முறையும் அதிகார ஏற்றத்தாழ்வும் இருக்கிறதா என்ற முன்விசாரணை, பதிவுகளைப் பேணுவது எல்லாம் கட்டாயம்.

கூர்ந்து பார்த்தால் பாய்டின் பாதுகாப்புகளில் பல இந்தச் சட்டத்துக்குள் வந்திருக்கின்றன, இன்னும் இறுக்கமாக. அவர் தோற்றார் என்று சொல்வது பாதி உண்மைதான். அவர் கேட்ட பாதுகாப்புகளும் பெண்கள் கேட்ட எல்லையும் சேர்ந்து ஒரு சட்டமானது.

இது தடைச் சட்டம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தடை இல்லை. எந்த இமாமையும் ரபியையும் யாரும் உட்காரக்கூடாது என்று சொல்லவில்லை. அவர்கள் சொல்வதற்கு அரசின் கை கிடையாது என்றது, அவ்வளவே. திருத்தப்பட்ட நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 2.2ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவு ஒருவர் யாரிடம் வேண்டுமானாலும் ஆலோசனை பெறும் உரிமையை இது பாதிக்காது என்கிறது.

பின்னர் நடந்ததும், மாற்றிச் செய்யக்கூடியதும்

மதத்தின் கையிலேயே இருக்கும் ஒன்றை இந்தச் சட்டம் தொடவில்லை, தொடவும் முடியாது. அது மத விவாகரத்து. நீதிமன்றம் விவாகரத்துத் தந்த பிறகும், தலாக்கோ (கணவர் தரும் மணவிலக்கு) குலாவோ (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) இல்லாமல் மறுமணம் செய்ய மனம் ஒப்பாத முஸ்லிம் பெண்கள் உண்டு. கணவர் ‘கெட்’ என்ற மத விவாகரத்துப் பத்திரத்தைத் தராததால் ஆண்டுக்கணக்கில் கட்டுண்டு கிடந்த யூதப் பெண்கள் உண்டு. யூதப் பெண்கள் இதற்காக முன்பே போராடியிருந்தார்கள், 1990இல் மத்திய விவாகரத்துச் சட்டமே அதற்காகத் திருத்தப்பட்டது. மத மறுமணத்துக்குத் தடையாக இருக்கும் கணவரின் மனுக்களை நீதிமன்றம் ஒதுக்கிவைக்கலாம். 2007 டிசம்பரில், 15 ஆண்டு கெட் தராமல் இழுத்த ஒருவர் மனைவிக்கு 47,500 டொலர் இழப்பீடு தர வேண்டும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவு அனுபவம் பக்கத்திலேயே இருந்தும், 2003–2005 விவாதத்தில் யூதப் பெண்களின் குரல் போதுமான அளவு கேட்கவில்லை. இஸ்மாயிலி பெண்களின் குரலும் அப்படியே. முதல் மாதத்திலேயே அவர்களைத் தேடிப் போயிருந்தால் ‘இது முஸ்லிம்களை மட்டும் குறிவைப்பது’ என்ற குற்றச்சாட்டு முளையிலேயே பலவீனப்பட்டிருக்கும்.

சட்டம் வந்த பிறகு வேலை மாறியது. குடும்பச் சட்டத்தைப் பல மொழிகளில் எளிதாகச் சொல்லும் பெண்களுக்கான கல்வித் திட்டம் ஒன்றுக்கு மாகாணம் பணம் தந்தது. முஸ்லிம் பெண்கள் மன்றம் நிக்காஹ் ஒப்பந்தத்தைக் கனடிய சட்டத்தோடு பொருந்தும்படி எழுதிக்கொள்ள வழிகாட்டி தயாரித்தது. எனக்கு மிகவும் பிடித்த அடி இதுதான். நடுவரை எதிர்த்ததோடு நிற்காமல், நடுவர் தேவைப்படாத இடத்திலிருந்தே, திருமணத்துக்கு முன்னாலேயே, பேச்சைத் தொடங்குகிறது. இது 2004இலேயே கையில் இருந்திருந்தால் ‘நீங்கள் வேண்டாம் என்று மட்டும் சொல்கிறீர்கள்’ என்ற பேச்சுக்குப் பதிலாகக் காட்டியிருக்கலாம்.

ஆரம்பத்தில் ஒதுக்கிவைத்த சமரசப் பேச்சுக்கு இப்போது வருவோம். சட்டம் இறுக்கியது நடுவர் தீர்ப்பை. சமரசத்தை அல்ல. ஒரு பெரியவர் முன்னால் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, அவர் சொன்னதற்கு இருவரும் ‘சரி’ என்று, அதையே பிரிவு ஒப்பந்தமாக எழுதிக்கொண்டால் அது நடுவர் தீர்ப்பு ஆகாது. சாதாரணக் குடும்ப ஒப்பந்தம். அதற்குத் தனி வழக்கறிஞர் கட்டாயமில்லை, முன்விசாரணை கட்டாயமில்லை, அந்தப் பெரியவருக்குப் பயிற்சியும் கட்டாயமில்லை. சொத்து விவரத்தை மறைத்தார்கள் என்றோ, என்ன எழுதியிருக்கிறது என்றே புரியவில்லை என்றோ பின்னால் நீதிமன்றத்தில் காட்டினால் அதை உடைக்கலாம். காட்ட வேண்டியவள் அந்தப் பெண்.

இன்றைக்கும் அந்த ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுவது மூன்று: எழுத்தில் இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும், ஒரு சாட்சி இருக்க வேண்டும்.